தெரியுமா உங்களுக்கு? — துணுக்கும் அதன் வாசகர்களும்

சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஒரு வசவு உண்டு: 'அவரா, துணுக்கு எழுத்தாளர்!' ஒருவரைத் தீர்த்துக்கட்ட இது போதும். அவர் எழுதியதைப் படித்துப் பார்க்கும் சிரமமும் மிச்சம். 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து வணிக இதழ்களுக்கு எதிராக நாம் எழுப்பிய மதிலுக்கு அந்தப் பக்கம் தொடர்கதை, சினிமாச் செய்தி, ஜோக், துணுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிவிட்டோம். பிறகு தொடர்கதையைப் பற்றி ஆய்வேடுகள் வந்தன. சினிமாவைச் சொல்லவே வேண்டாம், ஒதுக்கியவர்களே அதற்கு வசனம் எழுதப் போனார்கள். துணுக்கு மட்டும் தள்ளிய இடத்திலேயே கிடக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த தமிழர் எல்லோரும் ஏதோ ஒரு நாளில் படித்திருக்கக்கூடிய வகைமை அதுதான். அதைப் பற்றி நம்மிடம் ஒரு பேச்சும் இல்லையென்றால் குறை யாரிடம்?

துணுக்குக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. வெகுமக்கள் படிப்பதெல்லாம் கலகம் என்று சொல்லும் ஒரு கட்சியும் இருக்கிறது, அவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. துணுக்கு யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைச் சேலம், நாமக்கல் சமவெளியில் வைத்துப் பேசுகிறேன். தறியும் லாரியும் ரிக்கும் கோழியும் விடுதிப் பள்ளிக்கூடமும் உள்ள இந்தப் பகுதியில் துணுக்குக்கு வேர் ஆழம்.

முதலில் வடிவம். துணுக்கு என்றால் துண்டு, வெட்டியெடுத்தது. ஈய எழுத்துக் கோத்த காலத்தில் கதை முடிந்து பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் மிஞ்சினால் அதை அடைக்கத் தயாராக வைத்திருந்த சரக்கு. இந்த மிச்சத்தையே முழு இதழாக்கியது 'கல்கண்டு'. 1948இல் தொடங்கிய அந்த வார இதழுக்குத் தமிழ்வாணன் ஆசிரியர். 1977இல் அவர் இறக்கும் வரை அது அவருடைய முகமாகவே இருந்தது. முகம் என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். எல்லாம் தெரிந்த ஒருவர் கண்ணை மட்டும் காட்டமாட்டார் என்பதே ஒரு நல்ல குறியீடு. கேள்வி பதில், உடல்நலக் குறிப்பு, உலக விநோதம், துப்பறியும் தொடர் என்று எதைத் திறந்தாலும் ஒரு குரல், தயக்கமில்லாத ஒரே குரல். தமிழில் பிறமொழி கலக்கக் கூடாது என்பதில் பிடிவாதம் உள்ளவர், தம் துப்பறிவாளனுக்கு மட்டும் சங்கர்லால் என்று பெயர் வைத்தார். இது தனியாக ஆராய வேண்டிய விஷயம்.

ரோலான் பார்த் 1962இல் பிரெஞ்சுப் பத்திரிகைகளின் விநோதச் செய்திகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அரசியல் செய்தியைப் புரிந்துகொள்ள அதற்கு வெளியே நிறையத் தெரிந்திருக்க வேண்டும். விநோதச் செய்திக்கு அது தேவையில்லை, அதற்கு வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் வாதம். நம் துணுக்குக்கு இது அப்படியே பொருந்தும். ஓர் எடுத்துக்காட்டு: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் ஏழு எலும்பு, மனிதன் கழுத்திலும் ஏழு எலும்பு. தமிழில் எத்தனை முறை அச்சான துணுக்கு இது! படித்தவுடன் 'அட' என்கிறோம். அந்த 'அட'வோடு பிரதி முடிந்துபோகிறது. ஏன் இரண்டுக்கும் ஏழு என்று அடுத்த வரி கேட்டிருந்தால்? பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அந்த எண் பொதுவாக இருப்பதும், அவை எல்லாவற்றுக்கும் ஒரு பொது மூதாதை இருந்ததும் வந்திருக்கும். அங்கே போய்விட்டால் முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதையை எங்கே கொண்டுபோய் வைப்பது? துணுக்கின் கத்தரி சரியாக இந்த இடத்தில் வெட்டுகிறது. யாரோ உட்கார்ந்து சதி செய்து வெட்டியதாக நான் சொல்லவில்லை. ஐந்து வரிக்குள் முடிய வேண்டும் என்ற விதியே போதும், காரணம் ஆறாவது வரியில்தான் வரும்.

வால்ட்டர் பெஞ்சமின் 1936இல் கதைசொல்லியைப் பற்றி எழுதியபோது, தகவல் விளக்கத்தோடு வந்து கதையைக் கொன்றுவிட்டதாக வருந்தினார். துணுக்கு அவர் கணக்கில் அகப்படாத பிராணி. விளக்கம் இல்லை, அதனால் அது முழுத் தகவலும் இல்லை. அனுபவம் இல்லை, அதனால் கதையும் இல்லை.

*

இவ்வளவு சொன்ன பிறகும் துணுக்கை யார் படித்தார்கள் என்ற கேள்வி இருக்கிறது. அங்கே நம் இகழ்ச்சி நொண்டியடிக்கிறது.

கல்கண்டு தொடங்கிய அதே 1948இல் கோவையிலிருந்து 'கலைக்கதிர்' அறிவியல் இதழ் வரத் தொடங்கியது. கொங்குச் சீமையின் கிராமத்தில் பிறந்த பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தது. அதற்கும் முன்னால், 1916இல், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கமே வைத்தார். பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு நூலும் எழுதினார். மதிப்புக்குரிய காரியங்கள், யாரும் மறுக்கவில்லை. ஆனால் களஞ்சியம் கிளை நூலகத்துக் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தது, சாவி நூலகரிடம். திண்ணையில் யார் ஏறி உட்காரலாம் என்பது ரசாயனத்துக்கு முந்தின கேள்வி.

துணுக்கு திண்ணைக்கு வரவில்லை. முடிதிருத்தும் கடை பெஞ்சுக்கும் டீக்கடைக்கும் தறிக்குழிக்கும் வந்தது. அம்மாபேட்டை, இளம்பிள்ளை, ஜலகண்டபுரம் தறிக்காரர்களுக்கு அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் படிக்க எங்கே முடியும்? தார் தீர்ந்து நாடாவை மாற்றும் நேரம்தான் அவர்களுக்கு ஓய்வு. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிய பிள்ளைகளுக்கும் அதே கணக்கு. துணுக்கின் நீளம் அந்த இடைவெளியின் நீளம். ஒருவர் வாய்விட்டுப் படிக்க நாலு பேர் கேட்கலாம், நடுவில் எழுந்து போனால் எதுவும் கெட்டுப்போவதில்லை. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய 'கன்னித்தீவு' தினம் சில கட்டங்களில் இழுத்துக்கொண்டு போனதைப் படித்தவர்கள் கேலி செய்தோம். எழுத்துக் கூட்டுகிற ஒருவருக்கு அந்தச் சில கட்டங்கள் ஒரு நாள் பாடம் என்பதை மறந்துவிட்டோம். படம் பார்த்து அர்த்தத்தைப் பிடித்து, பிறகு எழுத்தை அதோடு பொருத்திக்கொள்ளும் படிப்பு அது. ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மாலியின் கோட்டைப் பற்றிப் பேசுவோம். கன்னித்தீவை வரைந்த கணேசனைப் பற்றி எந்தச் சிறுபத்திரிகை பேசியது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசகர் அனுப்பும் துணுக்குக்குக் கீழே ஒரு பெயரும் ஓர் ஊரும் அச்சாகும். ராசிபுரம், ஆத்தூர், பரமத்தி வேலூர். சாதிப் பட்டத்தோடும் வீட்டுப் பெயரோடும் மட்டுமே ஊருக்குள் அறியப்பட்ட ஒருவர், அங்கே வெறும் பெயரும் ஊருமாக நிற்கிறார். வாழ்நாளில் வேறெங்கும் அச்சேறாத பெயர். நம் இதழ்களில் அந்தப் பெயருக்கு இடம் இருந்ததா? இருந்திருந்தால் அவர் ஏன் அங்கே போகிறார்?

ஜலகண்டபுரத்துக்காரர் ஒருவர் இப்படிப் போய்ச் சிகரமே தொட்டார். ஜ.ரா. சுந்தரேசன், குமுதத்தின் துணையாசிரியர். தாய் பெயரையும் தந்தை பெயரையும் சேர்த்துப் பாக்கியம் ராமசாமி என்று வைத்துக்கொண்டு 1963 முதல் அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகளை எழுதியவர். 2017இல் மறைந்தார். 'பாட்டிகள் முன்னேற்றக் கழகம்' என்ற பெயரிலேயே அந்தக் காலத்துக் கட்சி அரசியலைக் கிள்ளிவிட்டவர். படிப்பும் பதவியும் பாட்டியிடம், அசட்டுத்தனமும் கடனும் தாத்தாவிடம் என்ற தலைகீழாக்கம் இன்றைக்கும் சிரிக்க வைக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பின் ஊர் சென்னை. தறிச்சத்தத்தின் நடுவே பிறந்த பகடி, தறிக்காரரின் பகடி, அங்கே ஏறவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, அச்சுக்குப் போகிற வழியில் ஊர் எப்படிக் கழன்று விழுகிறது என்பதற்கு இது சான்று. அவர் பெயரின் முன்னெழுத்தில் மட்டும் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

*

இப்போது என் முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். 'தெரியுமா உங்களுக்கு?' என்பது துணுக்கின் நிரந்தரத் தலைப்பு. இந்தக் கேள்வி ஒரே திசையில் போகிறது. கேட்பவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. படிப்பவருக்கு என்ன தெரியும் என்று அது கேட்பதேயில்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வட இந்தியாவெல்லாம் போய் ஆழ்துளை போடும் ஆளுக்குப் பல மாநிலத்துப் பாறை தெரியும். குழாயில் வரும் தூளின் நிறத்தைப் பார்த்து இன்னும் இறக்கலாமா, நிறுத்தலாமா என்று சொல்லுவார். சங்ககிரி லாரி டிரைவருக்கு எந்தச் சோதனைச் சாவடியில் எந்த மொழியில் குழைய வேண்டும் என்பது அத்துப்படி. நெசவுக்காரருக்குப் பாவு, ஊடை, விழுது, அச்சு, படைமரம் என்று ஒரு மொழியே இருக்கிறது. இவர்கள் எல்லோரும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் படித்தார்கள். இவர்களுக்குத் தெரிந்தது மட்டும் 'தெரியுமா உங்களுக்கு'வில் வரவேயில்லை. பொது அறிவு என்ற சொல்லில் உள்ள 'பொது' யாருடையது?

இதைவிட ஆழமாக ஒன்று இருக்கிறது. சில விஷயங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அவை கேட்கப்படுவதில்லை. 'கொங்குத் தமிழ் மரியாதைத் தமிழ்' என்று ஒரு துணுக்கு ஓயாமல் வரும். ஏனுங்க, வாங்க, சரிங்க என்று 'ங்க' போடாமல் பேசமாட்டார்கள், சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்பார்கள் என்று வியக்கும். ஜோக்கிலும் சினிமாவிலும் இது பெரிய சரக்கு. நல்லது. அந்த 'ங்க' யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? பண்ணயத்தில் இருந்த அருந்ததியர் கிழவர், பண்ணயக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையனைச் 'சாமி' என்று கூப்பிட்டார். பையன் அவரைப் பேர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிட்டான். மரியாதைத் தமிழின் இந்த இலக்கணம் எந்தத் துணுக்கிலும் இல்லை, மொழிக்குறிப்பிலும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆகவே விநோதம் இல்லை. அதேபோல்தான் டீக்கடையும். உலகத்தின் மிக உயரமான கட்டடத்தைப் பற்றி உரக்கப் படித்த அதே கடையில், வெளியே ஆணியில் தொங்கிய தனி டம்ளரைப் பற்றி யாரும் 'தெரியுமா' என்று கேட்கவில்லை. பேப்பர் எல்லோர் கைக்கும் போயிற்று, டம்ளர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர் பாதி, வாசலில் குந்தியிருந்து கேட்டவர் பாதி. துணுக்கைப் பற்றிய எந்த வாசிப்புக் கோட்பாடும் இந்த உட்காரும் முறையிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

ஆகத் துணுக்கு என்ற வடிவமே ஆளும் சாதியின் கருவி என்று முடித்துவிடலாமா? முடியாது. ஏனென்றால் இதே துண்டு வடிவத்தை எடுத்து எதிர்த்திசையில் பிடித்தவர்கள் உண்டு. 1906இல் பாரிசில் அராஜகவாதி ஃபெலிக்ஸ் ஃபெனியோன் ஒரு நாளிதழில் மூன்று வரிச் செய்திகள் எழுதினார். தற்கொலை, ஆலை விபத்து, வேலைநிறுத்தம் எல்லாம் மூன்று வரிக்குள் கத்திமாதிரி நின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 'குடி அரசு', 'விடுதலை' இதழ்களின் பெட்டிச் செய்திகளையும், சித்திரபுத்திரன் என்ற பெயரில் பெரியார் எழுதிய பகடிகளையும் எடுத்துப் பாருங்கள். அங்கே நடப்பது துணுக்குக்கு நேர் எதிர் வேலை. தெரியாததைச் சொல்லி வியக்க வைப்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததை, தினம் பார்க்கிறதை, ஒரு விநோதமாக மாற்றுவது. கோயில், தீட்டு, சடங்கு, பட்டப்பெயர்: ஏதோ தூரதேசத்துக் காட்டுமிராண்டி வழக்கத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லி, இது உன் வீட்டு வழக்கம்தானே என்று நிறுத்துவது. அதே 'குடி அரசில்' முப்பதுகளில் சிங்காரவேலர் எழுதிய அறிவியல் கட்டுரைகளோ காரணத்தை விடாமல் துரத்தியவை, ஆறாவது வரி பற்றிய பயமே இல்லாதவை. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்டில் இதே சேலத்தில்தான். தெருமுனையில் கரும்பலகை வைத்துத் தினம் ஒரு செய்தி எழுதிய பழக்கத்தை நான் துணுக்கின் வரலாற்றில்தான் சேர்ப்பேன்.

காங்கிரசுப் பக்கமும் ஒன்று உண்டு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' என்று ஒரு மதுவிலக்கு மாத இதழ் வந்தது, கல்கி துணையாசிரியர். கதை, சித்திரம், நகைச்சுவை எல்லாம் கள்ளுக்கு எதிராக. அந்தக் கல்கிதான் பிறகு ஆனந்த விகடனுக்குப் போனார். அங்கே சிரிப்பு இருந்தது, கள்ளுக்கு எதிரான லட்சியம் நின்றுபோயிற்று. அதாவது துண்டு தப்பித்தது, அதைப் பிடித்திருந்த கை போயிற்று. விகடன் நகைச்சுவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் திருச்செங்கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

*

வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' வேறு ரகம். தொண்ணூறுகளில் காலையில் அந்தக் குரல் வராத கைத்தறி வீடு குறைவு. 2009இல் அவர் மறைந்தபோது நம் இதழ்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அதிகம். அரியலூர்ப் பக்கத்துக்காரர், வேளாண்மை படித்தவர், விவசாயிகளுக்கான நிகழ்ச்சியிலிருந்து வந்தவர். முதலில் ஒரு தகவல் அல்லது அறிவுரை, அவசரமில்லாத பேச்சுத் தமிழில். கடைசியில் ஒரு ஜோக். அந்த ஜோக்கின் வேலையை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. அவ்வளவு நேரம் சொன்ன உபதேசத்தையே அது பெரும்பாலும் கவிழ்த்துவிடும். பொறுமையைப் பற்றி உருகிவிட்டு, பொறுமை பேசியவனே பொறுமை இழந்த கதையோடு நிறுத்துவார். 'தெரியுமா உங்களுக்கு' என்ற மேடையிலிருந்து கடைசி நொடியில் இறங்கி, கேட்பவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். தமிழ்வாணனின் கறுப்புக் கண்ணாடியை இவர் கழற்றி வைத்தார் என்று சொல்லலாம். ஆனால் இவரும் டம்ளரைப் பற்றிக் கேட்கவில்லை. அரசாங்க வானொலி, கேட்டிருக்கவும் முடியாது.

தறி மாறினதும் அந்தக் குரல் போயிற்று. கைத்தறிச் சத்தத்தோடு வானொலி கேட்கலாம். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடத்தில் பக்கத்து ஆள் கத்தினாலே கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் பேச வேண்டும். ஒரு கேட்பு மரபு முடிந்துபோனதற்குத் தொலைக்காட்சியைத்தான் எல்லோரும் காரணம் சொல்கிறார்கள். மோட்டாரையும் சொல்ல வேண்டும்.

மொழிக்குறிப்புகளுக்கு வருகிறேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் இதைத் தொடாமல் போகக் கூடாது. 'சுவற்றில்' தவறு 'சுவரில்' சரி, 'முயற்சிக்கிறேன்' தவறு 'முயல்கிறேன்' சரி, 'பதட்டம்' தவறு 'பதற்றம்' சரி. 'அருகாமை' என்றால் அருகில் இல்லாமை என்று ஒரு நக்கல் வேறு. இந்தக் குறிப்புகளால் எனக்குப் பயன் உண்டு, நானும் பிழை திருத்துகிறவன்தான். ஆனால் பிழை என்ற சொல் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். 'பிளேட்' என்று சொல்லாதே, 'தட்டு' என்று சொல் என்கிறது குறிப்பு. நாமக்கல் கிராமத்தில் அதற்கு 'வட்டல்' என்று ஒரு சொல் இருக்கிறது. இலக்கியத்து வட்டில்தான் அது. குறிப்பு எழுதியவருக்கு அது தெரியாது, தெரிந்தால் கொச்சை என்பார். விருந்தாளிக்கு 'ஒறம்பரை', புழக்கடைக் குளிப்பிடத்துக்குப் 'பொடக்காலி' எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வர வேண்டிய சொற்கள். எழுத்தைச் சீர்திருத்தியபோது தமிழுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. பெரியார் 1935இல் தொடங்கியதை 1978இல் அரசு ஏற்றது, தலைமுறை ஒன்று மாறியதும் பழைய 'லை'யை யாரும் தேடவில்லை. பேச்சைத் திருத்துவது அப்படியல்ல; பேச்சோடு ஆளும் திருத்தப்படுகிறார்.

பெருமாள்முருகன் 2000இல் கொண்டுவந்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை நான் துணுக்கின் எதிர்ப்பிரதியாகப் படிக்கிறேன். ஒவ்வொரு பதிவும் ஒரு துண்டுதான், நாலு வரிக்குள்தான். ஆனால் கேள்வி திரும்பிவிட்டது. 'உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க' என்று யாரோ போய்க் கேட்டிருக்கிறார்கள். அதே ஆண்டில் வந்த அவருடைய 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகளின் வாயிலிருந்து வரும்போது அந்த 'ங்க'வின் எடை தெரிகிறது. அகராதியையும் நாவலையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை.

துணுக்கை இகழ்கிறவர்களுக்கு இன்னொரு பதில் தேர்வு மையத்தில் இருக்கிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 வினாத்தாளைப் பாருங்கள். நூறு கேள்வி தமிழ்: பிழை திருத்தம், பிரித்தெழுதுக, எதிர்ச்சொல், நூலும் ஆசிரியரும். மீதி நூறில் எழுபத்தைந்து பொது அறிவு. மொழிக்குறிப்பும் உலக விநோதமும் சேர்ந்து கிராம நிர்வாக அலுவலர் வேலையாகிவிட்டன. 2009இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகு, அந்தக் கதவு வழியாகப் போகிற முதல் தலைமுறைப் பையன் நோட்டுப் போட்டுத் துணுக்குகளை ஒட்டி வைக்கிறான், மனப்பாடம் செய்கிறான். அவனிடம் போய் இது துண்டறிவு தம்பி, முழுமை இல்லை என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? நம்மில் பாதிப்பேர் மாதச் சம்பளக்காரர்கள். அவனுக்கு அது ஆணியில் தொங்கும் டம்ளரிலிருந்து வெளியே போகிற பஸ் டிக்கெட்.

அதே துண்டறிவை மூலதனமாக்கியவர்கள் வேறு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகள் ஒரு காலத்தில் மாநில ரேங்குகளை அள்ளின. பாடப்புத்தகத்தையே ஒரு மதிப்பெண் துணுக்குகளாக அரிந்து, விடியற்காலையிலிருந்து இரவு வரை பிள்ளைகளுக்குள் இறக்கின. இங்கே கோழிப்பண்ணை நடத்துகிற விதத்தோடு ஒப்பிட்டு ஊரே ஜோக் சொல்லும். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது, அதே ஆண்டில் நீட் வந்தது, அரிகிற கத்தி மட்டும் மாறியது. கைப்பேசிக்கு வந்துவிட்ட துணுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருநள்ளாறு மேலே செயற்கைக்கோள் நின்றுபோனது என்ற புளுகை எழுதியவர் பெயரும் ஊரும் கீழே இருக்காது. தமிழ்வாணனைத் திட்டுவதற்காவது ஒரு முகவரி இருந்தது.

எல்லோருக்கும் தெரிந்ததை யாராவது அச்சில் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மண்ணிலேயே பதில் கிடைத்தது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவைச் சுற்றி வாய்மொழியில் புழங்கியதாக ஒரு வழக்கத்தை எடுத்து, பிள்ளையில்லாத ஒரு தம்பதியின் துயரத்தை எழுதிய நாவல் 'மாதொருபாகன்', 2010இல் வந்தது. நாலு வருஷம் சும்மா இருந்த ஊர் 2014 டிசம்பரில் எழுந்தது. எப்படி எழுந்தது என்பதுதான் நம் விஷயம். நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊர் முழுக்கக் கொடுத்தார்கள். முன்னால் இருக்கிற பொன்னாளும் காளியும் இல்லை, பன்னிரண்டு வருஷ அவமானம் இல்லை, வெட்டியெடுத்த துண்டு மட்டும். ஐம்பது ஆண்டுகளாகத் துண்டு படித்தே பழகிய ஊருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. ஒரு நாவல் துணுக்காக்கப்பட்டு, துணுக்காகவே படிக்கப்பட்டு, துணுக்காகவே எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்துப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு எழுத்தாளர் தாம் செத்துவிட்டதாக அறிவித்தார்.

2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. நூறு பக்கத்துக்கு மேல் போகிற நீண்ட தீர்ப்பு. ஊர்ப் பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் நடந்துகொண்ட விதம், எழுத்தின் எல்லை, வாசகரின் பொறுப்பு எல்லாம் வரிசையாக வருகிறது. நம் சிறுபத்திரிகைகள் உட்பட எல்லோரும் எடுத்துக் கட்டம் கட்டிப் போட்டது அதன் கடைசி இரண்டு வரிகளை.